படிக்கத் தெரியும், தொடங்கத்தான் முடியவில்லை

"மூணு மணி நேரம் கிரிக்கெட் பார்க்க முடியுது, பத்து நிமிஷம் கணக்குப் போட முடியாதா?" ஏடிடி என்ற கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டில் அடிக்கடி கேட்க நேரும் கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். மூளையியல் இதற்குத் தரும் பதிலைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏடிடி என்ற பெயர் 1980-ல் வந்தது. 1987-ல் அது, துறுதுறுப்பையும் பெயரில் சேர்த்து, ஏடிஎச்டி என்று மாறியது. ஆனாலும் துறுதுறுப்பு இல்லாமல் கவனம் மட்டும் நழுவும் வகையைப் பலர் இன்னும் ஏடிடி என்றே சொல்கிறார்கள். வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளைகள் என்பதால், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் என்றால், இவர்களுடைய சிரமம் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

ஒரு வேலையைத் தொடங்க வைப்பதில் டோபமின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'இதைச் செய்தால் பலன் கிடைக்கும்' என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்து இயங்குவது அது. ஏடிஎச்டி உள்ள, அதற்கு மருந்து எடுத்திராத பெரியவர்களின் மூளையை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் ஸ்கேன் செய்து பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊக்கம் தொடர்பான பகுதிகளில் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் அளவு குறைவாகத் தெரிந்தது. தள்ளி இருக்கும் பலன் எல்லோருக்குமே சற்றுச் சிறிதாகத்தான் தெரியும். இவர்களுக்கு அதன் மதிப்பு இன்னும் வேகமாகச் சரிகிறது. மார்ச் மாதத் தேர்வுக்கு ஜூலையில் எந்த இழுப்பும் இல்லை. கிரிக்கெட்டிலோ பந்துக்குப் பந்து பலன். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படிப்பு மளமளவென்று ஓடுவதும் இதனால்தான்.

இன்னொரு காரணம் வளர்ச்சி வேகம். பிலிப் ஷா குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் வெளி அடுக்கான புறணி உச்சத் தடிமனை எட்டும் வயது மற்ற பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை. ஏடிஎச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை. திட்டமிடலைப் பார்த்துக்கொள்ளும் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். "உன் வயசுப் பிள்ளைங்களைப் பார்" என்று ஒப்பிடுவது எவ்வளவு கொடுமை!

உளவியலாளர் ரசல் பார்க்லி இதைத் தெளிவாகச் சொல்கிறார்: என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடிவதில்லை. அதனால்தான் அறிவுரையும் அழகான டைம்டேபிளும் பலன் தருவதில்லை. உதவி, வேலை நடக்கும் இடத்துக்கே வர வேண்டும். நினைவில் வைக்க வேண்டியதை மேஜைக்கு எதிரே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நேரம் நகர்வது தெரியும்படி முள் கடிகாரம் வையுங்கள். ரெக்கார்டு நோட்டில் இன்றைக்கு ஒரே ஒரு படம், முடித்ததும் அம்மாவிடம் காட்ட வேண்டும். அப்போது பலன் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ஒரு வழியும் உண்டு. 'சாயங்காலம் படிப்பேன்' என்பதற்குப் பதில், 'காபி குடித்து டம்ளரைக் கழுவியதும் கணக்கு நோட்டைத் திறப்பேன்' என்று முடிவு செய்வது. எப்போது தொடங்குவது என்ற தீர்மானத்தை டம்ளர் எடுத்துக்கொள்கிறது. களைத்த மனம் மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. இப்படி 'இது நடந்தால் அது' என்று திட்டமிடுவது அவசரப்பட்டுச் செயல்படுவதை அடக்க உதவுகிறது என்று ஏடிஎச்டி பிள்ளைகளிடமே 2008-ல் காட்டியிருக்கிறார்கள்.

மருத்துவர் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் டோபமின் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. பலருக்கு நல்ல பலன் தெரிகிறது. தேவையா, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், எந்த முறையும் புதிதாக இருக்கும்வரைதான் நன்றாக இழுக்கும். புது டைரி சில வாரங்களில் மூலைக்குப் போனால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். உட்காரும் இடத்தையோ நேரத்தையோ மாற்றி, வேறு ஒன்றைத் தொடங்கினால் சரி.