பூச்சாடி கிரிஸ்டல்தானா? தராசைக் கேளுங்கள்

கிரிஸ்டல் பூச்சாடி என்கிறோம். ஆனால் அதில் படிகம் எதுவும் கிடையாது. படிகத்தில் அணுக்கள் கோலப்புள்ளி வைத்தாற்போல வரிசையாக நிற்கும். கண்ணாடியில் அந்த வரிசை இல்லை. 1674-இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் புதுவகைத் தெளிந்த கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்த பாத்திரங்களில் வலைபோல நுண்விரிசல் ஓடியது. கலவையில் காரீய ஆக்சைடைக் கூட்டிய பிறகுதான் அந்தக் கோளாறு அடங்கியது.

காரீயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், கடினம் குறையும், வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பதும் கூடும். ஒளிவிலகல் எண் மட்டும் பார்த்தால் சாதாரணக் கண்ணாடிக்கு 1.52, இதற்கு ஏறத்தாழ 1.55. வித்தியாசம் சிறிதுதான். மினுக்கத்தில் பெரும்பங்கு வெட்டுக்கே உரியது என்பேன். சாணைச் சக்கரத்தில் சரிவாக இழைத்த ஒவ்வொரு முகமும் ஒரு சிறு பட்டகம். கண்ணாடி அவ்வளவு கடினமாக இல்லை என்பதால்தான் அவ்வளவு ஆழமாகவும் கூர்மையாகவும் வெட்ட முடிகிறது. வெட்டிய இடம் முதலில் பனி படர்ந்ததுபோல மங்கியிருக்கும். மரச்சக்கரத்தில் தேய்த்தோ, ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் முக்கியோ பளபளப்பாக்குவார்கள்.

அச்சில் அழுத்திய மலிவுச் சாடியை விரலே காட்டிக்கொடுத்துவிடும். விளிம்புகள் மழுங்கியிருக்கும், பக்கவாட்டில் அச்சுத் தையல் தட்டுப்படும்.

சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும் என்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். சுவர் தடித்த சாடி அசலாக இருந்தாலும் ஒலிக்காது. அடர்த்தியை அளப்பதே நம்பகமான வழி. உலர்ந்த சாடியை நிறுத்துக்கொள்ளுங்கள். 1,830 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாளியின் அடியில் நனைத்த துணியை விரித்து, தண்ணீர் ஊற்றி, டிஜிட்டல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சாடியின் கழுத்தில் கயிறு கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. தராசு இப்போது 610 காட்டினால், அது சாடி ஒதுக்கிய தண்ணீரின் எடை. 1,830-ஐ 610-ஆல் வகுக்க அடர்த்தி 3.0. உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் விடை குறைந்துவிடும், சாய்த்து வெளியேற்றுங்கள்.

சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5. ஐரோப்பாவில் 1969-இல் வந்த விதிப்படி லெட் கிரிஸ்டலில், அதாவது காரீயக் கிரிஸ்டலில், காரீய ஆக்சைடு குறைந்தது 24 சதவீதமும் அடர்த்தி 2.9-உம் இருந்தாக வேண்டும். முழு லெட் கிரிஸ்டலுக்கு 30 சதவீதம், 3.0. காரீயம் இல்லாத இன்றைய கிரிஸ்டல் இதைவிடக் குறைவாகக் காட்டலாம். அதனால் அது போலியாகிவிடாது.

பழைய சாடி வாங்கும்போது உள்பக்க மங்கலைக் கவனியுங்கள். தண்ணீர் நாட்கணக்கில் தேங்கினால் கண்ணாடியின் காரம் கரைந்து மேற்பரப்பு அரிபடும். உப்புப்படிவு என்றால் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். அரிப்பு வினிகருக்கு மசியாது. ஆனால் நனைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. விற்பவர் ஈரத்தோடு காட்டினால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள்.