போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்

டெங்குக் காய்ச்சலில் பயப்பட வேண்டியது உடம்பு கொதிக்கிற நேரத்துக்கு அல்ல, காய்ச்சல் விடுகிற நேரத்துக்கு. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உடம்பு குளிரத் தொடங்கும். வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வரும். சிலருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. ஒரு நாள், கூடினால் இரண்டு நாள் கசியும். கடுமையான வயிற்று வலி, நிற்காத சத்தி, சலம் குறைவது, கைகால் சில்லிடுவது, பிள்ளை எழும்பாமல் சுருண்டு கிடப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். அந்த இரண்டு நாளும் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தால் பெரும்பாலும் ஆளைக் காப்பாற்றிவிடலாம். வீட்டில் கிடந்தால் சொல்ல முடியாது.

மாரி மழை விட்டு நுளம்பு பெருகும் மார்கழி, தை மாதங்களில் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ தவறாமல் சுற்றும். பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிந்து குடித்தால் குருதிச்சிறுதட்டு (பிளேட்லெட்) மளமளவென்று ஏறுமாம். சாறு குடித்ததால் செத்தவர் என்று யாரையும் நான் காணவில்லை. சாறு குடித்தாயிற்று, காய்ச்சலும் விட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டில் இருந்துவிட்டுக் கசிவு முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். டெங்குவில் பெரும்பாலும் உயிரை எடுப்பது அந்தக் கசிவுதான். குருதிச்சிறுதட்டின் எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் கசிவு தன் பாட்டில் நடக்கும். வீடியோ போட்டவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

குடும்ப வைத்தியனாக வேலை செய்கிற எனக்குப் புதிய ஊடகங்களைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. பொய்த் தகவல் கெட்டது என்பது எல்லாருக்கும் தெரியும், பாடசாலைப் பேச்சுப்போட்டியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் காண்கிற கெடுதி பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. போன் ஒரு ஆளைச் சோதித்துப் பார்க்கக்கூடிய இடத்துக்குச் சீக்கிரம் கொண்டு வந்தால் நன்மை. அங்கே வராமல் வீட்டில் இருத்திவைத்தால் கெடுதி. அந்த வீடியோவில் உள்ளது முழுப் பொய்யா அரைப் பொய்யா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் கேள்வி. (கீழே வரும் ஆட்கள் ஒருவரும் தனி ஆள் அல்ல. பலருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன்.)

பக்கவாதத்தை எடுங்கள். வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் விடச் சொல்லும் செய்தி ஒன்று பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதைச் செய்துவிட்டு வந்த ஐயா ஒருவரின் பத்து விரலிலும் பஞ்சு சுற்றியிருந்தது. மகளைக் குறை சொல்ல மாட்டேன். கை நடுங்க நடுங்க, அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பித்தான் குத்தியிருக்கிறாள். ஆனால் இரத்தக்கட்டு அடைத்து வந்த பக்கவாதம் என்றால் அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முதல் தலையை ஸ்கேன் செய்து இரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். வீட்டில் விரல் குத்தியது, இரத்தம் வந்ததா என்று பார்த்தது, கொழும்பிலிருக்கும் அண்ணனுக்கு வீடியோ எடுத்து அனுப்பியது, அவர் பார்த்துப் பதில் சொல்லும்வரை இருந்தது என்று ஒவ்வொன்றும் அந்த நாலரை மணியில்தான் கழியும்.

அதே போனில் 1990 என்று அழுத்தியிருந்தால் அம்புலன்ஸ் வந்திருக்கும், காசும் இல்லை. 2018 ஜூலையில் அந்தச் சேவை வடக்குக்கு வந்தபோது தொடக்க விழா யாழ்ப்பாணத்தில்தான் நடந்தது. ஆனாலும் ஓட்டோ பிடிப்பதா, பக்கத்து வீட்டுக்காரரின் வாகனத்தைக் கேட்பதா என்று இன்றைக்கும் வாசலில் நின்று கதைக்கிறார்கள்.

2024 டிசம்பரை இங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த கையோடு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் ஒரு காய்ச்சல் பரவி, சில நாட்களுக்குள் பல உயிர்களை எடுத்தது. மாதிரிகளைச் சோதித்து எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தும் முன்பே ஆளாளுக்குக் குரல்பதிவு. ஒருவர் புது வைரஸ் என்றார், இன்னொருவர் கிணற்றுத் தண்ணீர் என்றார். எலியின் சலம் கலந்த வெள்ளம், சேறு மூலம் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, நேரத்தோடு தொடங்கினால் கேட்கும். பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், வயலில் இறங்கினீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

ஆனால் அந்த நாட்களில் நன்மை செய்ததும் இதே போன்தான், அதையும் சொல்ல வேண்டும். சேற்றில் வேலை செய்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்புக் குளிசை எடுக்கலாம் என்ற செய்தி வட்ஸ்அப்பில் போன வேகத்துக்கு எந்த ஒலிபெருக்கியும் ஈடில்லை. என்னிடம் வந்த கமக்காரர் ஒருவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் குரல்பதிவைப் போட்டுக் காட்டி, “இதில சொல்லுற குளிசை எங்க எடுக்கிறது டொக்டர்?” என்று கேட்டார். குரல்பதிவை அனுப்பிய ஆளின் பெயரை அவர் பார்த்திருக்கிறார், என்ன பதவி என்று பார்த்திருக்கிறார், பிறகு நேரில் வந்து கேட்டிருக்கிறார். எல்லாரும் அப்படிச் செய்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

இனி நாட்பட்ட வருத்தங்கள். இங்கே தாமதம் மணிக்கணக்கில் வராது, மாதக்கணக்கில் வரும். நீரிழிவுக்காரர் ஒருவர் ஒழுங்காகக் கிளினிக் வந்துகொண்டிருப்பார். திடீரென்று ஆளைக் காணோம். ஆறு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வருவார். கேட்டால் நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்போர்மின் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று யூரியூப்பில் ஒருவர் சொன்னாராம், அதனால் நிறுத்திவிட்டுப் பொடி ஒன்று குடித்தாராம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் மெட்போர்மினின் அளவைக் கூட்டிக் குறைக்கிறோம், மிகவும் குறைந்தால் நிறுத்துகிறோம். சிறுநீரகத்தை உண்மையாகப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். இன்சுலின் போடுபவர் இப்படி நிறுத்தினால் விளைவு இன்னும் கெதியாக வரும். முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ஓரிரு நாளே போதும், ஆபத்தான நிலைக்குப் போய்விடும்.

அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கும் மகள். எங்கள் ஊரில் இதைத்தான் நான் மிகவும் கஷ்டமான இடமாகக் காண்கிறேன். முன்பின் தெரியாத ஆள் அனுப்பினால் அழித்துவிடலாம். பிள்ளை அனுப்பியதை எப்படி அழிப்பது? தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற கவலையில் அவள் அனுப்பினாள். பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியதே என்பதற்காக அவர் குடித்தார். நான் மறித்தால் மகளுக்கும் அவருக்கும் நடுவே நிற்கிற ஆளாகிவிடுகிறேன்.

பேஸ்புக்கிலும் ரிக்ரொக்கிலும் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, சிலவற்றில் வீரியமான ஸ்டெரொயிட் இருக்கிறது. முதலாவது சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரண்டாவது தோலை மெல்லியதாக்கி முகத்தைச் சிவக்கவைக்கும். போத்தலில் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் முகத்தில் பூசாதீர்கள். கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பூசிவிட்டு அழுதுகொண்டு வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவோம். இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்று கொண்டுவரும் தாய்மாரிடம் சாப்பாடு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பேன். “போன் குடுத்தாத்தான் வாய் திறக்கும்” என்பார்கள். பேச்சுப் பிந்துவதற்குக் காது கேளாமை, ஓட்டிசம் என்று வேறு காரணங்களும் உண்டு, அவற்றை முதலில் பார்க்க வேண்டும். போன்தான் காரணம் என்று அம்மம்மாவே முடிவு கட்டிவிடுவதும் ஒரு தாமதமே. ஆனாலும் பிள்ளை பேச்சைப் படிப்பது பதிலுக்குப் பதில் சொல்லும் ஒரு முகத்தைப் பார்த்து. கார்ட்டூன் பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. கத்தாரிலிருந்து அப்பா எடுக்கும் வீடியோ அழைப்பை இந்தக் கணக்கில் போட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அப்பா சிரித்தால் பிள்ளை சிரிக்கும், பிள்ளை “தா” என்றால் அப்பா “தா” என்பார். அது உரையாடல்தான்.

வளர்ந்த பிள்ளைகளின் விஷயம் வேறு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வயிற்று வலி என்று வருவாள். இரத்தம், சலம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கும். திரும்பவும் வருவாள், இந்த முறை நித்திரை இல்லை, தலையிடி. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதைத்தால் சில வேளை உண்மை வரும். படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள், அதை வைத்து ஒருவன் வெருட்டுகிறான், இன்னும் படம் கேட்கிறான் அல்லது காசு கேட்கிறான். ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது, அவர்கள் வாய் திறப்பது இன்னும் குறைவு. இங்கே தாமதத்துக்குக் காரணம் வீட்டுக்குப் பயம். “அம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிப் போடுவா” என்றுதான் முதல் வசனம் வரும்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன். காசு அனுப்பாதே, அனுப்பினால் நிற்காது, கூடும். செய்திகளை அழிக்காதே, அவற்றையும் அவன் கணக்கின் முகவரியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. அதற்குப் பிறகு அவனோடு கதைக்காதே. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1929, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கணக்கையும் படத்தையும் இணையத்திலிருந்து அகற்ற வழி கேட்க இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவின் 101. மனம் தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 1926. தாய் தகப்பனுக்கு ஒரு வரி: போனைப் பறித்து உடைத்தால் சாட்சியமும் சேர்ந்து உடையும், அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

இதோடு ஒட்டிய கோபம் ஒன்று எனக்கு உண்டு. தவறான முடிவெடுத்து இறந்த பிள்ளையின் படத்தையும், எப்படிச் செய்தது என்பதையும், எழுதிவைத்த கடிதத்தையும் எங்கள் உள்ளூர்ச் செய்திப் பக்கங்கள் சில அரை மணிக்குள் போட்டுவிடுகின்றன. செய்த முறையை விவரித்து எழுதினால் அதே மனநிலையில் இருக்கும் இன்னொருவரை அது தள்ளிவிடலாம் என்பது உலகம் முழுக்க ஆய்வுகளில் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கென்றே வழிகாட்டல் வைத்திருக்கிறது. அவர்கள் திருந்துவார்கள் என்று நான் காத்திருக்கவில்லை. பகிர்கிற விரல் உங்களுடையது.

சரி, நல்லதும் நிறைய இருக்கிறது. பாம்பு கடித்தால் அதை அடித்துக் கொன்று பையில் போட்டுக்கொண்டு வருவது பழைய வழக்கம், அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்கியவர்களும் உண்டு. இப்போது தூர நின்று ஒரு படம் எடுத்தால் போதும், புடையனா வேறொன்றா என்று சொல்லிவிடலாம். படம் எடுக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள், பாம்பு இல்லாமலும் வைத்தியம் நடக்கும். நெடுந்தீவில் இருக்கிற ஆச்சியின் கால்புண் ஆறுகிறதா இல்லையா என்று பேரன் அனுப்பும் படத்தில் பார்த்து, இன்றைக்கே படகு எடுத்துக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வர வேண்டுமா, அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா என்று சொல்ல முடிகிறது. பத்து வருட மருந்துத் துண்டுகளை மழையில் நனையவிட்டு வந்தவர்கள் இப்போது எல்லாவற்றையும் போனில் வைத்திருக்கிறார்கள். இரத்தம் தேவை என்றால் ஒரு செய்தியில் ஆட்கள் வருகிறார்கள். (பழைய வேண்டுகோளைத் திகதி பார்க்காமல் அனுப்பி, தேவை முடிந்த வீட்டுக்கு அழைப்பு எடுத்துக்கொண்டே இருப்பதும் நடக்கிறது. திகதி போடுங்கள், தேவை முடிந்ததும் அதையும் போடுங்கள்.)

வைத்தியருக்குப் படம் அனுப்புவதென்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், எப்போது தொடங்கியது என்று எழுதுங்கள், குடிக்கிற குளிசைகளின் பெட்டியையும் எடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், கை விழுதல், பாம்புக்கடி இவற்றுக்கு எனக்குப் படம் அனுப்பவும் வேண்டாம், குரல்பதிவும் வேண்டாம், நேரே வைத்தியசாலைக்கு வாருங்கள். நான் அந்த நேரம் இன்னொரு நோயாளியோடு இருப்பேன், உங்கள் செய்தியை இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் பார்ப்பேன்.

ரொறன்ரோ மகளோடு கடைசியில் வீடியோ அழைப்பிலேயே கதைத்தேன். வீடியோ அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொன்னால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால் வேறு வேலை கொடுத்தேன். அப்பாவின் கிளினிக் திகதிகளை அவள் தன் போனில் போட்டு வைக்கிறாள். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே முதல் நாள் இரவு. அந்த நேரம் அழைத்து, குளிசை எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டு, போனைக் காலுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, விரல் இடுக்கில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்கிறாள். போன மாதம் அவள்தான் ஒரு சின்னக் கொப்புளத்தைக் கண்டாள். அடுத்த நாளே ஆளை என்னிடம் அனுப்பிவிட்டாள்.