65பி சர்டிபிகேட்: இது வாங்குறதா, குடுக்குறதா? ஒரு சொல் விளக்கம்

எங்க சித்தப்பாவுக்கு ஒரு வாடகை தகராறு. கடைய வாடகைக்கு எடுத்திருந்தவர் அஞ்சு மாச பாக்கி வச்சிட்டு, வக்கீல் நோட்டீஸ் போனதும் பாக்கியே கிடையாதுன்னு பதில் அனுப்பிட்டார். ஆனா அதே ஆளு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வாட்ஸ்அப்ல "அண்ணே அஞ்சு மாசம் ஆயிருச்சு, தீபாவளி கழிச்சு மொத்தமா குடுத்துடறேன்"னு பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் சித்தப்பா ஃபோன்ல அப்படியே இருக்கு. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அதை ரெண்டு தடவ கேட்டுட்டு, "நல்லா இருக்குண்ணே, ஆனா 65பி சர்டிபிகேட் வேணும், இப்ப புது சட்டத்துல அது 63"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஃபோன், கம்ப்யூட்டர்ல இருக்குற பதிவோட படியைக் கோர்ட்ல காட்டும்போது கூடவே வைக்கச் சொல்லி சாட்சியச் சட்டத்தோட 65பி பிரிவு கேக்குற சர்டிபிகேட் அது. சித்தப்பா நேரா இ-சேவை மையத்துக்குப் போய் 65பி சர்டிபிகேட் வாங்கணும், எவ்வளவு ஃபீஸுன்னு கேட்டிருக்கார். அங்க அப்படி ஒண்ணு இல்லன்னதும் தாலுகா ஆபீஸ், அங்கிருந்து ஒரு நோட்டரி, நோட்டரிதான் கடைசியா "ஐயா, இது யாரும் உங்களுக்கு குடுக்குறது இல்ல, நீங்கதான் கோர்ட்டுக்கு குடுக்கணும்"னு சொல்லியிருக்கார்.

அவர் அலைஞ்சதுக்கு அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தப்பு அந்த சொல்லுல இருக்கு. நமக்கு சர்டிபிகேட்னா சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்று. எல்லாமே மேல இருக்குற ஒரு ஆபீஸ், ஒரு அதிகாரி, ஒரு முத்திரை, கீழ நிக்கிற நாம வாங்கிட்டு வர்றோம். சின்ன வயசுலேர்ந்து அந்தச் சொல்லோட கூடவே "வாங்கணும்"ங்கிற வினையும் ஒட்டிக்கிட்டு வருது. இந்த 65பி விஷயத்துல அந்த வினையே தலைகீழ், அதனாலதான் இந்தச் சொல்லை கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்னு தோணுச்சு.

சர்டிபிகேட், லத்தீன்லேர்ந்து வந்தது. செர்டுஸ்னா உறுதியான, ஐயமில்லாத, ஃபாகெரேன்னா செய்தல். சேர்த்தா உறுதி ஆக்குறது. இதுல ஆபீஸும் இல்ல, முத்திரையும் இல்ல, தாளும் இல்ல. ஒருத்தர் ஒரு விஷயத்தை இது இப்படித்தான்னு உறுதி பண்றார், அவ்வளவுதான் மூலப் பொருள். தாள் நம்ம மொழிபெயர்ப்புலதான் வந்து சேர்ந்தது, சான்று + இதழ், சான்று எழுதின ஏடு. பள்ளிக்கூடத்துல தர்றதுக்கு அது நல்ல சொல்தான், இங்க அது வழி மாத்தி விட்டுடுது.

சான்றுங்கிற சொல்லு அதைவிட ஆழமானது. வேர் "சால்". சால்னா நிறையறது, தகுதியா இருக்குறது, போதுமானதா இருக்குறது. சால்பு, சான்றோர், சான்று எல்லாம் ஒரே குடும்பம். இன்னொரு பக்கம் சாட்சி, அது வடசொல், அக்ஷின்னா கண்ணு, கண்ணோட இருந்தவன், அதாவது நேர்ல பாத்தவன். வேடிக்கையான பொருத்தம் என்னன்னா எவிடன்ஸுங்கிற ஆங்கிலச் சொல்லோட லத்தீன் வேரும் பாக்குறதுதான், வெளிப்படையா தெரியறதுன்னு பொருள். ஆக ரெண்டு மொழியும் கண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, தமிழ் மட்டும் இது நம்பப் போதுமான்னு கேக்குது. சாட்சிக்கு இன்னொரு பழைய தமிழ்ச் சொல் உண்டு, கரி. குறள்ல "இந்திரனே சாலுங் கரி"ன்னு வருதே, அதுல சால், கரி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்: இந்திரனே போதுமான சாட்சி. கரிங்கிறது இருந்தா மட்டும் பத்தாது, அது சாலணும். மின்னணு ஆவணத்தைப் பத்தி இன்னைக்கு கோர்ட் கேக்குறதும் இதே கேள்விதான், உன்கிட்ட சிடி இருக்கு சரி, அது போதுமா?

இந்தப் போதுமாங்கிறதுக்குத்தான் 65பி வந்துச்சு. 1872ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்துல கம்ப்யூட்டர் எங்கேர்ந்து வரும், 2000ல தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தப்பதான் 65ஏ, 65பின்னு ரெண்டு பிரிவை சொருகினாங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்த பிரிண்ட் அவுட், சிடி, பென் டிரைவ் காப்பி எல்லாம் ஆவணமாவே கருதப்படும், ஆனா சில நிபந்தனை இருக்கு: அந்த மெஷின் வழக்கமா பயன்பாட்டுல இருந்திருக்கணும், தகவல் வழக்கமான வேலைக்கு நடுவுல அதுக்குள்ள போயிருக்கணும், மெஷின் ஒழுங்கா ஓடியிருக்கணும். இதெல்லாம் சரின்னு, அந்த மெஷினுக்குப் பொறுப்பான ஆள் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நான் நம்புற வரைக்கும் இது உண்மைன்னு. அந்த எழுத்துதான் சர்டிபிகேட். சட்டம் தேடுறது பெரிய அதிகாரியை இல்ல, பொறுப்பாளரை.

2005ல நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குத் தீர்ப்புல, சர்டிபிகேட் இல்லாட்டியும் வேற வழியில நிரூபிச்சா போதும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2014 செப்டம்பர்ல அது மாறிடுச்சு. கேரளாவுல 2011 சட்டசபைத் தேர்தல்ல ஏறநாடு தொகுதியில தோத்துப்போன பி.வி.அன்வர், ஜெயிச்ச பி.கே.பஷீர் மேல போட்ட தேர்தல் வழக்கு. பிரசாரத்துல போட்ட பாட்டு, அறிவிப்பு, பேச்சு எல்லாத்தையும் பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, அங்கிருந்து சிடி போட்டு தாக்கல் பண்ணினார். சர்டிபிகேட் இல்ல. சிடிய கோர்ட் ஏத்துக்கல, வழக்கு தோத்துப்போச்சு. எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது அந்தத் தீர்ப்புல இருக்குற இன்னொரு விஷயம்: பிரசாரத்துல ஓட்டின அந்த சிடிகளையே பறிமுதல் பண்ணிக் கொண்டுவந்திருந்தா நிலைமை வேறயா இருந்திருக்கும்னு சொல்லியிருக்காங்க. மூலம் வேற, படி வேற, படிக்குத்தான் ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்.

2020 ஜூலையில அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்குல மூணு நீதிபதி அமர்வு இதை இன்னும் தெளிவாக்குச்சு. அது மகாராஷ்டிராவுல ஜால்னா தொகுதி விஷயம், 2014 தேர்தல்ல வேட்புமனுவை நேரம் முடிஞ்ச பிறகு வாங்கினாங்களா இல்லயான்னு தேர்தல் அதிகாரி ஆபீஸ் வீடியோ பதிவை வச்சு சண்டை. வழக்கு போட்டவங்க சர்டிபிகேட் கேட்டுக் கேட்டுப் பாத்தும் அதிகாரிங்க குடுக்கல. மெஷின் உங்க கையில இல்லாதப்போ என்ன பண்ணுவீங்க? கோர்ட்டுக்கு மனு போடுங்க, கோர்ட் கேட்டு வாங்கும்னாங்க. மெஷின் உங்களோடது, ஃபோனையோ லேப்டாப்பையோ கூண்டுக்கே எடுத்துட்டு வந்து இது என்னோடது, பதிவு இதுலதான் இருக்குன்னு காட்டுறீங்கன்னா சர்டிபிகேட்டே வேண்டாம்னாங்க. சித்தப்பா இதை முதல்லயே தெரிஞ்சிருந்தா பாதி கவலை போயிருக்கும்.

இதெல்லாம் நமக்குப் புதுசு இல்ல. பெரியபுராணத்துல சுந்தரர் கல்யாணத்தை ஒரு கிழவர் வந்து நிறுத்துற கதை எல்லாருக்கும் தெரியும், நீ எனக்கு அடிமை, உங்க தாத்தா எழுதிக் குடுத்த ஓலை இருக்குன்னு. சுந்தரர் கோவத்துல அந்த ஓலையைக் கிழிச்சுப் போட்டுடறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. சபை கேக்குறது மூணு: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இதுல ஒண்ணைக் காட்டுன்னு. ஆட்சின்னா வழிவழியா நடந்து வர்ற அனுபவம், ஆவணம்னா எழுத்து, அயலார் காட்சின்னா பிறத்தியார் பாத்தது. கிழவர் என்ன சொல்றார்னா, கிழிச்சது படி ஓலை, மூல ஓலை என்கிட்ட இருக்கு. எடுத்துக் குடுக்குறார், படிக்கிறாங்க, கடைசி வரி "இதற்கு இவை என் எழுத்து". சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க தங்களோட எழுத்தைப் பாத்து ஒத்துக்குறாங்க. அதோட விடல, தாத்தா எழுதின வேற ஒரு ஓலையை "அரண்தரு காப்பில்" இருந்து வரவழைச்சு ஒப்பு நோக்குறாங்க, ரெண்டும் ஒத்து இருக்கு, தீர்ப்பு. சோழர் கல்வெட்டுகள்லயும் கடைசியில "இவை என் எழுத்து"ன்னு வரிசையா கையெழுத்து வரும்.

இதுல ஒரு சொல்லையும் நான் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதே இல்லன்னு அப்பத்தான் தோணுச்சு. ஒரிஜினல், மூலம். காப்பி, படி. கஸ்டடி, காப்பு, அந்த அரண்தரு காப்புங்கிறது பாதுகாப்பான ஆவணக் காப்பறைக்கு எவ்வளவு அழகான பேர். கம்பேர் பண்றது, ஒப்பு நோக்குறது. சர்டிபிகேட்? "இவை என் எழுத்து". இதுக்கு முன்னாடி அகநானூறுலயே (77) ஓலைக் குடத்தோட முத்திரையைப் பாத்துட்டு அப்புறம்தான் அதை உடைக்கிற ஆவண மாக்கள், அதாவது அந்த ஓலைகளை எடுக்குற ஆளுங்க, வர்றாங்க, "பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்கள்". பொறின்னா அங்க முத்திரை. முத்திரை கலையாம இருந்துச்சான்னு பாக்காம உள்ள கை வைக்கக் கூடாதுங்கிற ஒழுங்கு அந்தப் பாட்டு காலத்துலயே இருந்திருக்கு. கைமாறும்போது யார்கிட்டேர்ந்து யார்கிட்ட போச்சுன்னு தடயவியல்காரங்க எழுதி வைக்கிறாங்களே, அதைக் காப்புத் தொடர்னு தயங்காம சொல்லலாம்.

இப்ப அந்த முத்திரைக்குப் பதிலா ஹாஷ். 2024 ஜூலை 1லேர்ந்து சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துடுச்சு, 65பி அங்க 63வது பிரிவு. சர்டிபிகேட்டுக்கு சட்டத்தோட அட்டவணையிலயே ஃபாரம் குடுத்துட்டாங்க, ரெண்டு பாகம். முதல் பாகம் ஆவணத்தைத் தாக்கல் பண்றவர் எழுதுறது, ரெண்டாவது ஒரு நிபுணர் எழுதுறது. ரெண்டுலயும் ஹாஷ் மதிப்பு எழுதணும், அதைக் கணக்குப் போடுற முறைகள் ஷா1, ஷா256, எம்டி5ன்னு பேர் போட்டிருக்கும், எதுன்னு டிக் பண்ணணும். நிபுணர் கையெழுத்தும் சேர்ந்து வேணும்ங்கிறது பழைய சட்டத்துல இல்லாதது, சின்ன ஊர்ல சின்ன வழக்கு நடத்துறவங்களுக்கு இது நிஜமாவே பாரம்னு நான் நினைக்கிறேன்.

ஹாஷ்னா என்ன? பிரெஞ்சுல ஆஷேன்னா நறுக்குறது, கோடாரிக்கு அங்க ஆஷ்னு பேரு, அதுலேர்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கறியைப் பொடிப்பொடியா நறுக்கிப் பண்ற ஒரு பதார்த்தத்துக்கும் அதே பேருதான். கம்ப்யூட்டர்காரங்க அதை எடுத்துக்கிட்டாங்க: ஒரு ஃபைலை, அது ஒரு பக்க கடுதாசியா இருந்தாலும் சரி மூணு மணி நேர வீடியோவா இருந்தாலும் சரி, ஒரு கணக்குல போட்டு நறுக்கி, கடைசியில ஷா256ன்னா 64 எழுத்து எண் வரும். உள்ள ஒரே ஒரு கமா மாறினாலும் 64ம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போகும். அந்த 64ஐ வச்சு உள்ளே இருந்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தமிழ்ல நறுக்குங்கிற சொல்லுக்கு வெட்டுறதுன்னு மட்டும் இல்ல, ஓலைத் துண்டுன்னும் பொருள் இருக்கு, ஓலை நறுக்குன்னு சொல்றோமே அது. நறுக்குன்னு நாலு வார்த்தைன்னா சுருக்கமா, கூர்மையா. வெட்டு, ஓலை, சுருக்கம், மூணு பொருளும் ஹாஷுக்கு அப்படியே பொருந்துது. நறுக்கெண்னு சொல்லிப் பாருங்க, வாய்க்கும் கஷ்டமா இல்ல.

ஃபாரத்துல மூணு பேர் இருக்கேன்னு ஏதோ ஒண்ணை டிக் பண்ணாதீங்க. எம்டி5ல ரெண்டு வேற வேற ஃபைலுக்கு ஒரே எண் வர வைக்க முடியும்னு 2004லயே காட்டிட்டாங்க, ஷா1க்கு 2017ல கூகுளும் ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ஒரு ஆய்வு நிலையமும் சேர்ந்து ரெண்டு பிடிஎஃப் செஞ்சே காட்டினாங்க. ஷா256 போடுங்க. எண்ணை எப்ப எடுக்குறீங்கங்கிறதும் முக்கியம், பதிவு கிடைச்ச உடனே எடுத்து எழுதி வைக்கணும், வழக்கு போடுற அன்னைக்கு எடுத்தா நடுவுல ஒண்ணும் மாறலன்னு யார் சொல்றது? வாட்ஸ்அப்ல போட்டோவை சாதாரணமா அனுப்பி வாங்கினா அது சுருங்கி வேற ஃபைலா வரும், பாக்க ஒண்ணு போல இருக்கும், நறுக்கெண் வேற. ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டோமேன்னு மெசேஜை அழிச்சுட்டா மூலம் போச்சு, படி மட்டும் மிச்சம். சிசிடிவி இன்னும் மோசம், டிஸ்க் நிறைஞ்சதும் பழசு மேலயே புதுசை எழுதிக்கிட்டுப் போகும். 2020 டிசம்பர்ல போலீஸ் ஸ்டேஷன் கேமராக்களைப் பத்தி உச்ச நீதிமன்றம் சொன்னப்போ பதிவை 18 மாசம் வச்சிருக்கணும், அவ்வளவு நாள் சேமிக்கிற கருவி கிடைக்கலன்னாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு சொன்னாங்க. நம்ம தெருக்கடை கேமராவுக்கு அப்படி ஒரு உத்தரவு இல்ல, கேக்க வேண்டியவங்க சீக்கிரம் ஓடிப்போய் கேட்டாத்தான் உண்டு.

சரி, சர்டிபிகேட்டுக்கு ஒரு சொல். இலங்கையில அஃபிடவிட்டுக்கு சத்தியக்கடதாசின்னு சொல்லுவாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், கேட்டதும் எழுதுறவன்தான் சத்தியம் பண்றான்னு புரிஞ்சிடும். 65பிக்கும் அந்த மாதிரி புரியுற சொல் வேணும். சான்றிதழ் வேண்டாம், அதுல தாள்தான் தெரியுது. என் தேர்வு சான்றுரை. உரைன்னா சொல்றது, சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆள் யாருன்னு கேள்வி தானா வரும். சான்றுரை வாங்கணும்னு யார் வாயிலயும் வராது, எழுதணும், குடுக்கணும்னுதான் வரும். மின்னணு ஆவணச் சான்றுரைன்னு முழுசா சொன்னா நோட்டீஸ் போர்டுக்கும் ஆகும்.

சித்தப்பா அப்புறம் வக்கீல் ஆபீஸ்லயே உக்காந்து முதல் பாகத்தை எழுதினார். ஃபோன் மாடல், கலர் (ஃபாரத்துல கலர் கூட கேக்குறாங்க), ஐஎம்ஈஐ நம்பர், எனக்குச் சொந்தமானது, என் கட்டுப்பாட்டுல இருந்ததுன்னு. 64 எழுத்தை குமாஸ்தா படிக்கப் படிக்க நான் ஸ்கிரீன்ல ஒப்பு நோக்கினேன், ரெண்டு எடத்துல தப்பா டைப் ஆகியிருந்துச்சு, திருத்தினோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சித்தப்பா ஒருக்கா நிமிர்ந்து "இதுல ஏதாவது பொய் இருந்தா மாட்டுறது நான்தானே?"ன்னு கேட்டார். குமாஸ்தா ஆமாண்ணே நீங்கதான்னார். சித்தப்பா மறுபடி முதல் வரியிலேர்ந்து ஒரு தடவ படிச்சுட்டுத்தான் பேனாவை எடுத்தார்.