காய்ச்சிக் குடித்த செங்கல்

சிப்பிக் காளான் வளர்ப்பவர் வீட்டில் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு பூசணத்தை வைத்துச் செங்கல் வளர்க்கும் சங்கதியில் பாதி ஏற்கெனவே தெரியும். அவித்த வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டிய பாலிதீன் பை, இரண்டு மூன்று வாரத்தில் வெளேரென்று இறுகிவிடுகிறது. பையைக் கிழித்தாலும் வைக்கோல் உதிர்வதில்லை. ஒரே கட்டியாக நிற்கிறது. விவசாயி அதன் பிறகு காளானுக்காகக் காத்திருப்பார். நியூயார்க் கட்டடக் கலைஞர் டேவிட் பெஞ்சமினுக்கு அந்தக் கட்டியே போதும்.

2014 கோடையில், குயின்ஸ் பகுதியிலுள்ள மோமா பிஎஸ்1 கலைக்கூடத்தின் முற்றத்தில் அவருடைய 'தி லிவிங்' குழு 'ஹை-ஃபை' என்ற கோபுரத்தை எழுப்பியது. உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். சுமார் 10,000 செங்கற்கள். அவற்றில் ஒன்றுகூடச் சூளையைப் பார்த்ததில்லை.

நறுக்கிய மக்காச்சோளத் தட்டையோடு காளான் முளைக்கும் வகைப் பூசணத்தைக் கலந்து அச்சில் அடைத்துவிட்டால், மீதி வேலையைப் பூசணமே பார்த்துக்கொள்ளும். அதன் இழை நுனிகள் நொதிகளைச் சுரந்து தட்டையைக் கரைத்து உறிஞ்சுகின்றன. தின்றுகொண்டே முன்னேறும் இழைகள் கிளைவிட்டு, துணுக்குக்குத் துணுக்கு பின்னிக்கொள்கின்றன. இழைச் சுவரில் இருப்பது கைட்டின். நண்டு ஓட்டுக்கும் கரப்பான் பூச்சியின் முதுகுக்கும் உறுதி தரும் அதே பொருள். சொட்டுப் பசை சேர்க்காமலே ஐந்தாறு நாளில் அச்சின் வடிவத்தில் கல் தயார். உடனே வெப்பத்தில் உலர்த்திப் பூசணத்தைக் கொன்றுவிட வேண்டும். விட்டுவைத்தால் அது ஓயாமல் கல்லையே தின்றுகொண்டிருக்கும். ஈரம் இருந்தால் சுவரில் காளானும் முளைக்கும்!

இந்தக் கல் உள்ளே முழுக்கக் காற்று. கையில் எடுத்தால் தெர்மோகோல்போல லேசு, வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் பாரம் தாங்குவதில் கான்கிரீட்டின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதற்காகத்தான் கோபுரத்துக்கு அந்த உருவம்: ஒட்டிப் பிறந்த மூன்று குழாய்கள்போல வளைந்த சுவர்கள். தாளை நேராக நிறுத்தினால் சாய்கிறது, சுருட்டி வைத்தால் நிற்கிறது அல்லவா?

உள்ளே நுழைந்தவர்களுக்குக் கோபுரம் ஒரு புகைபோக்கி. சூடான காற்று உச்சி வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். கற்களுக்கு நடுவே விட்ட சந்துகளில் வெயில் புள்ளி புள்ளியாக விழும். மேல் வரிசைகளில் மட்டும் கண்ணாடிபோல் மின்னும் கற்கள். அவை கல் வளர்க்கப் பயன்பட்ட அச்சுகளேதாம். பிரதிபலிக்கும் படலத்தால் ஆனவை. வளர்ப்பு வேலை முடிந்ததும் உச்சிக்கு ஏறி, வெளிச்சத்தை உள்ளே இறக்கின. மொத்தக் கோபுரத்திலும் எனக்குப் பிடித்த கெட்டிக்காரத்தனம் இதுதான்.

கோடை முடிந்ததும் கற்களை மட்க வைத்து மண்ணாக்கினார்கள். சுற்றுச்சூழலுக்காகக் குரல்கொடுக்கும் கலைப்படைப்புகள் பல, கண்காட்சி முடிந்த மறுநாளே குப்பை லாரியில் ஏறுகின்றன. இது அந்தக் கேலிக்கு ஆளாகவில்லை.

பெஞ்சமினுக்கு முன்பே சான் பிரான்சிஸ்கோ கலைஞர் ஃபில் ராஸ் இந்த வழியில் நடந்திருந்தார். 2009இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரக் கலைக்கூடம் ஒன்றில், பூசணக் கற்களை வளைவாக அடுக்கிச் சிறிய தேநீர்க் குடில் ஒன்றை அவர் கட்டினார். அவர் வளர்த்தது ரெய்ஷி. கிழக்காசியாவில் மருந்துக்காகக் காய்ச்சிக் குடிக்கும் கசப்புக் காளான். அந்தக் குடிலின் கற்களையே கொதிக்க வைத்து, வந்தவர்களுக்குத் தேநீராகக் கொடுத்தார்கள்.