ஞானப்பல்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

ஞானப்பல் புதைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பிடுங்க வேண்டியதில்லை. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து, வலியோ வீக்கமோ இல்லாமல், எக்ஸ்ரேயிலும் கோளாறு தெரியாத பல்லை 45 வயதில் தோண்டி எடுப்பதில் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே இதைத்தான் சொன்னது.

முன்பக்கம் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருக்கும் கீழ் ஞானப்பல் கதை வேறு. அந்த இடுக்கில் தங்கும் சோற்றுக்குப் பிரஷ் எட்டாது. நல்ல கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் ஈறுக்கடியில் சொத்தை விழும், வலி வரும்வரை தெரியாது. தள்ளிப்போட்டால் இரண்டு பல்லும் போகும். பாதி முளைத்த பல்மேல் ஈறு மூடி, அடிக்கடி சீழ் வைக்கிறதா? மெடிக்கலில் வாங்கும் மாத்திரை வீக்கத்தை அடக்கும், பல் அங்கேயேதான் இருக்கும். எடுப்பதென்றால் வேர் முழுதாக வளர்வதற்கு முன், இருபதுகளின் தொடக்கத்திலேயே எடுப்பது எளிது.

பெரிய பயம் நரம்பு. கீழ் ஞானப்பல்லின் வேருக்கடியில் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் நரம்புக்குழாயின் வெள்ளைக்கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்திருந்தாலோ, வேர் அங்கே கறுத்திருந்தாலோ முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. உதடு மரத்துப்போனாலும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நரம்பு ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவைக்கும் முறையும் உண்டு. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைக் கேளுங்கள். மேல்பல் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பது வெறும் பேச்சு. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு.

கும்பகோணம் பக்கம் வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பல் எடுத்த குழியை மூடும் ரத்தக்கட்டிதான் எலும்புக்குக் காப்பு. காறித் துப்பினாலோ ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினாலோ அது பெயர்ந்துவிடலாம். புகையிலை குழியை ஆறவிடாது. கட்டி பெயர்ந்தால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காதுவரை இழுக்கும் வலியும் நாற்றமும் வரும். ஆன்டிபயாடிக் அதற்கு மருந்தல்ல, குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். பல் எடுத்ததும் வைக்கும் பஞ்சை 30 முதல் 45 நிமிடம் இறுக்கிக் கடியுங்கள். முதல் நாள் ஆறிய தயிர்சாதம் போதும். 24 மணி நேரம் கழித்து, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதால் நெல் அறுப்புச் சமயத்தில் தேதி வாங்காதீர்கள்.

சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்துவிட்டே பல்லில் கைவைக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஜோலெட்ரானிக் அமில ஊசி போட்டவர்களுக்குத் தாடை எலும்பே ஆறாமல் போகும் ஆபத்துண்டு.

எடுப்பதற்கு முன்போ பின்போ, தாடைக்கடியில் கல்லாக வீங்கி, காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கும். அந்த ராத்திரியே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.