சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் மாடி நடை: சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

கொரோனாவுக்காகச் சென்னையில் விதித்த நான்கு நாள் முழு ஊரடங்கு முடிந்த மறுநாள், அதாவது 2020 ஏப்ரல் 30ஆம் தேதி காலை, அறுபத்திரண்டு வயதான ஓர் அம்மாவை அவருடைய மகள் தாங்கிப் பிடித்தபடி என் கிளினிக்கிற்கு அழைத்து வந்தார். வலது பாதத்தில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கட்டிய கட்டு இருந்தது. அதைச் சலைனில் நனைத்து மெல்லப் பிரித்தபோது, பெருவிரலின் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை முன்பாதத்தின் தோல் ஒரே படலமாகத் துணியோடு சேர்ந்து வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்ட பற்று அதன் அடியில் காய்ந்து இறுகியிருந்தது; அதையும் எடுத்த பிறகுதான் புண்ணின் ஆழம் தெரிந்தது. இவ்வளவும் நடக்கும்போது அந்த அம்மா முகம் சுளிக்கவே இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "மாடியில நடந்தேன் டாக்டர். ஆனா சுடவே இல்லையே" என்றார்.

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து வெந்த பாதத்துடன் என்னிடம் வந்த ஐந்தாவது நோயாளி இவர். சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வழக்கமாக ஒரு கோடைக்கு ஒருவரோ இருவரோதான் இப்படி வருவார்கள். அவர்களும் பெரும்பாலும் நண்பகலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியவர்களாக இருப்பார்கள். இந்த ஆண்டு ஐந்து வாரங்களில் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிட்டதால், ஆறாவது நபர் வருவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி மார்ச் 7ஆம் தேதி கண்டறியப்பட்டார். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மெரினாவும் மாநகராட்சிப் பூங்காக்களும் மூடப்பட்டன. மார்ச் 24 மாலை 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடே அடைக்கப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே பூங்காவில், ஒரே நண்பர்களோடு நடந்து, வாசலில் விற்கும் அருகம்புல் சாற்றைக் குடித்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு ஒரே வாரத்தில் அந்த வாழ்க்கை முழுவதும் நின்றுபோனது. தொலைபேசியில் கேட்டவர்கள் எல்லோரிடமும், நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், மொட்டை மாடியில் நடங்கள், இடம் குறைவாக இருந்தால் எட்டு போட்டு நடங்கள் என்று நானேதான் சொன்னேன். செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள் என்று சேர்த்துச் சொல்லத் தவறிவிட்டேன். பூங்காவுக்குச் செருப்பில்லாமல் யாரும் போகமாட்டார்கள் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாடி நம் மக்களின் மனத்தில் வீட்டின் ஒரு பகுதி என்பதையும், வடாம் காயும் இடத்தில் செருப்புக்கால் படக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம் என்பதையும் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதன்மேல் கொரோனா பயமும் சேர்ந்துகொண்டது. செருப்பின் அடியில் கிருமி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள செருப்புகளை எல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்து வாசலுக்கு வெளியே ஒதுக்கி வைத்த குடும்பங்கள் பல. மேலே சொன்ன அம்மாவின் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. பாத உணர்ச்சி குறைந்தவர் என்பதால் வீட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்றே நான் எழுதிக்கொடுத்த, மென்மையான ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பும் மற்றவற்றோடு வாசலுக்குப் போய்விட்டது. அந்தச் செய்திக்கு அடிப்படை, சீனாவின் வூஹானில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு. அங்கே பணியாற்றியவர்களின் காலணி அடிகளில் எடுத்த மாதிரிகளில் பாதியில் வைரஸின் மரபணுத் தடயம் காணப்பட்டது உண்மைதான். ஆனால் கொரோனா நோயாளிகள் படுத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் தரை வேறு, உங்கள் தெருமுனை மளிகைக் கடையின் வாசல் வேறு. தெருச் செருப்பை வாசலோடு விடுவது நல்ல பழக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டுக்கும் மாடிக்கும் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

என்னை மிகவும் வருத்துவது இன்னொரு நம்பிக்கை. ஐந்து பேரில் மூவர் நடந்த நேரம் காலை பத்தரை மணிக்கு மேல். ஏன் அந்த நேரம் என்று கேட்டால், மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: உச்சி வெயில் உடம்பில் ஏறினால் கொரோனா அண்டாதாம், அந்தச் சூடு உள்ளங்கால் வழியாக ஏறுவது இன்னும் நல்லதாம். படித்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் உட்பட, இதை நம்பிச் செய்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வைரஸ் குடியேறுவது மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும். வெளியே வெயில் நாற்பது டிகிரி அடித்தாலும், மார்கழிப் பனி கொட்டினாலும், உங்கள் உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். நிற்கவில்லை என்றால் நீங்கள் நோயாளி. அந்த 37 டிகிரியில்தான் வைரஸ் வசதியாகப் பெருகுகிறது. உள்ளங்காலைச் சுட்டால் தொண்டை சூடாகாது. நுரையீரலில் உள்ள கிருமி சாகும் அளவுக்கு வெயிலின் சூடு உடம்புக்குள் இறங்கினால், கிருமிக்கு முன்னால் நாம் போய்விடுவோம். வெயில் நேரடியாகப் படும் கைப்பிடிச் சுவரிலோ கொடியில் காயும் துணியிலோ உள்ள கிருமி விரைவில் செயலிழக்கும் என்பது சரி. அது சுவருக்கும் துணிக்கும் பொருந்தும், சுவாசித்து உள்ளே இழுத்துவிட்ட கிருமிக்குப் பொருந்தாது. ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத சிங்கப்பூரில் ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஈக்வடாரின் குவாயகில் நகரத்தில் இறந்தவர்களின் உடல்களை எடுத்துச் செல்ல ஆளில்லாமல் வீடுகளிலேயே வைத்திருந்த அவலத்தைத் தொலைக்காட்சியில் நீங்களே பார்த்தீர்கள். வெயிலில் நிற்பது இந்த நோயைத் தடுக்காது என்று உலக சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. வைட்டமின் டி வேண்டும் என்பவர்கள் கையிலும் முகத்திலும் வெயில் படும்படி சிறிது நேரம் நிற்கலாம். அதற்குப் பாதத்தை வேகவைக்கத் தேவையில்லை.

மாடியின் சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுங்கம்பாக்கத்தில் 37 டிகிரி, மீனம்பாக்கத்தில் 38 டிகிரி என்று செய்தியில் சொல்வது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். அதே நேரத்தில் வெயிலில் கிடக்கும் தட்டோடும் சிமெண்ட் தரையும் 50 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நிமிடங்கள் போதும். உணர்ச்சியுள்ள கால் இரண்டாவது அடியிலேயே துள்ளி நிழலுக்கு ஓடிவிடும். நீண்ட காலச் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்ட கால் அரை மணி நேரம் அதன்மேல் நிதானமாக எட்டு போட்டு நடக்கும். அந்த அம்மா அப்படித்தான் நடந்திருக்கிறார். குளிக்கும்போது குளியலறைத் தரையில் நீர் கோத்த கொப்புளம் உடைந்து வழுக்கியபோதுதான் காலில் ஏதோ ஆகியிருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குக் காலில் உணர்ச்சி நன்றாகவே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். அவரும் அப்படித்தான் சொன்னார். இழந்த உணர்ச்சியை இழந்தவரே அறிய முடியாது என்பதால்தான் நாங்கள் ஆண்டுக்கொரு முறை நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் (டியூனிங் ஃபோர்க்) பாதத்தைச் சோதிக்கிறோம். இப்போது கிளினிக்கிற்கு வரத் தயங்குபவர்கள், இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவர்கள் வகுத்த எளிய முறையில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நோயாளி கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறொருவர் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆட்காட்டி விரலால் ஓரிரு வினாடிகள் பூப்போலத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. தொட்டது தெரிந்தவுடன் வலது, இடது என்று நோயாளி சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், உங்கள் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். ஆறும் தெரிந்தாலும் சர்க்கரை நோயாளிகள் மாடிக்குச் செருப்போடுதான் போக வேண்டும். இதில் பேரம் கிடையாது.

நடை வேண்டாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை உங்களுக்கு மாத்திரையைப் போலவே அவசியம். காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் நடங்கள். மாலையில் வெயில் தாழ்ந்ததும் ஏறிவிடாதீர்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தரை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். பின்பட்டை உள்ள செருப்பாக இருக்கட்டும், போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள், சட்டைப் பையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக உள்ள மாடியில் கைப்பேசியில் பேசியபடி நடக்க வேண்டாம். அடுக்ககங்களில் இருபது வீட்டுக்கு ஒரே மாடி என்றால் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; நடந்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஐந்தாறு பேர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கூடிப் பேசுவதை என் வீட்டு ஜன்னலிலிருந்தே தினமும் பார்க்கிறேன். தள்ளித் தள்ளித் தனியாக நடப்பதில் பெரிய ஆபத்தில்லை. அந்த அரை மணிப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் காலில் கொப்புளம் வந்தது ஏப்ரல் 22ஆம் தேதி. அன்றே வந்திருந்தால் பத்து நாள் கட்டோடு முடிந்திருக்கக் கூடிய காயம் அது. கிளினிக்கிற்குப் போனால் கொரோனா வந்துவிடும் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டார்கள். 25ஆம் தேதி, மறுநாள் முதல் நான்கு நாள் எதுவுமே கிடைக்காது என்று ஊரே காய்கறிக்கு முண்டியடித்தபோது, மகளும் அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் 108 ஆம்புலன்ஸும் முழு ஊரடங்கிலும் இயங்கின என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பல கிளினிக்குகள் பூட்டிக் கிடந்ததும் உண்மை; அந்தக் குறையை என் சக மருத்துவர்கள்மேலும் சேர்த்துத்தான் வைக்கிறேன். எட்டு நாள் கழித்து அவர் வந்தபோது சர்க்கரை 380ஐத் தாண்டியிருந்தது, சீழ் எலும்பைத் தொட்டிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள், மற்ற நான்கையும் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

ஆகவே தினமும் இரவு படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் உடைக்காதீர்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய், பேனா மை எதுவும் வேண்டாம். சூடுபட்ட உடனேயே தெரிந்துவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். பிறகு துவைத்து உலர்ந்த துணியால் தளர்வாக மூடி, காலை ஊன்றாமல் உட்கார்ந்து, அன்றே உங்கள் மருத்துவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். தொலைவழி மருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு மார்ச் 25ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொன்னால், அன்று எந்த ஊரடங்காக இருந்தாலும் அன்றே கிளம்பி வாருங்கள்.