ஸ்டியரிங் டேம்பர் போட்டால் ஆட்டம் போகாது

போன வாரம் இன்னொரு மாருதி ஜிப்ஸி ஜீப் வந்தது. புது டயர், ஸ்டியரிங் உதறலை அடக்க ஷாக் அப்சார்பர் மாதிரி மாட்டும் புது ஸ்டியரிங் டேம்பர், அலைன்மென்ட் பார்த்த சீட்டு, எல்லாம் இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் 60-இல் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரங்கள் உதறி, ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. பக்கத்தில் கன்டெய்னர் லாரி. ஓட்டிய தம்பி பிழைத்தது அவர் நேரம். முன் ஆக்சிலை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டியிருந்தார். வடசென்னையில் இந்தக் கதை ஓயவே மாட்டேன் என்கிறது.

வீட்டில் செய்வதில் தப்பில்லை. ஆனால் டேம்பர் போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பல்வலிக்குக் கிராம்பு வைத்த மாதிரிதான் அது. நக்கிளை, அதாவது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஆக்சில் முனையை, மேலும் கீழும் தாங்கும் கிங்பின் பேரிங் தேய்ந்து பிடிப்பு போய்விட்டால் சக்கரம் உதறத்தான் செய்யும். டேம்பர் கொஞ்ச நாள் அதை அமுக்கி வைக்கும். அதற்குள் பேரிங் இன்னும் கெடும். பெரிய டயர் மாட்டினால் சீக்கிரமே கெடும்.

கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கரம் சுழலும் ஹப் பேரிங்கில். நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் கிங்பின்தான். கழற்றிய பிறகு பேரிங் கப்பை, அதாவது உருளைகள் உட்காரும் வெளி வளையத்தை, துடைத்து உள்ளே நகத்தால் வருடுங்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் இடித்து, வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகம் தடுக்கினால் கப்பையும் மாற்றுங்கள். உருளையை மட்டும் மாற்றிவிட்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் ஷிம், அதாவது பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. மேல், கீழ், இடது, வலது எல்லாவற்றையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். புது பேரிங்குக்குப் பழைய ஷிம் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள். ஆக்சில் ஷாஃப்ட், வெளிச் சீல், டை ராடு எதுவும் மாட்டாமல், டை ராடு மாட்டும் நக்கிள் ஆர்மில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நகரத் தொடங்கும் எடை சர்வீஸ் கையேட்டில் சொன்னதற்குள் இருக்க வேண்டும். இலகுவாக இருந்தால் ஷிம்மைக் குறையுங்கள், இறுக்கமாக இருந்தால் கூட்டுங்கள். கை அழுத்தத்தில் 'சரியாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டாதீர்கள்.

நக்கிளில் எண்ணெய் ஒழுகினால் வெளிச் சீலை மட்டும் மாற்றி என்ன பயன்? ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃப்ரன்ஷியல் கியர்களின் எண்ணெய் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைக்கிறது. உள் சீலையும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருக்கிறதா, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகவே போகாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். பிரேக் காலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டுங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரின் காதை மடிக்க மறக்காதீர்கள். பெட்ரோலில் கழுவ வேண்டாம், டீசல் போதும்.

பூட்டியதும் பெரிய சாலைக்குப் போகாமல் தெருவுக்குள்ளேயே ஓட்டிவிட்டு, ஹப்பைத் தொட்டுச் சூடு பார்த்து, நட்டுகளை மறுபடி சோதியுங்கள். தராசு வைக்கும் வேலையில் சந்தேகம் இருந்தால் அன்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் தம்பி, கூச்சப்படாதீர்கள்.